ஆடு கடித்த இலை

ஆத்தா, இதை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய்ப் படி. பயப்படும்படி ஒன்றுமில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, உன் பெயரில் பிழை இல்லை. விஷயம் ஒரு கிண்ணத்தைப் பற்றியது.

நீ கேட்ட கிண்ணம் விரிசல் விட்டுவிட்டது. கைதவறி விழவில்லை. நானே கொண்டுபோய் விரிசல் விட வைத்தேன்.

இந்த இரண்டு வரியை எழுத மூன்று நாள் ஆனது. எழுதுவேன். எழுந்து வாசலுக்குப் போவேன். பாதாம் மரத்தை அண்ணாந்து பார்ப்பேன். திரும்பி வந்து கிழிப்பேன். தாள் கிழிகிற சத்தம் கேட்டு உன் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறமும் யாரு பேப்பரத் திருத்துறீங்க?" போனில் சொல்லியிருக்கலாம். போனில் ஏற்கெனவே இரண்டு முறை உன்னிடம் பொய் சொல்லியாகிவிட்டது. "கெண்ணம் பத்திரமா இருக்காப்பா?" என்றாய். "பத்திரமா இருக்கு ஆத்தா" என்றேன். மூன்றாவது முறை அதே வாயால் உண்மையைச் சொல்ல வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். வந்ததும் பீரோவைத்தான் திறப்பாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

சீர் சாமான் பேச்சு வந்த அன்றைக்கு அம்மா அண்டாவில் ஆரம்பித்தாள். அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு. நீ எல்லாவற்றுக்கும் ம் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் சிரித்தாய். "கனடாவுக்கு அண்டாவத் தூக்கிக்கிட்டு எப்புடிம்மா ஏர்போர்ட்டுக்குள்ள போறது? அதெல்லாம் இங்கனயே இருக்கட்டும். எனக்கு அப்பாவோட அந்தச் செவப்பு எலக் கெண்ணத்த மட்டும் குடுங்க. கையிலயே வச்சுக்கிட்டுப் போயிருவேன்." நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். "குடுக்க மனசில்லேன்னா விடுங்கப்பா, பரவால்ல" என்றாய்.

மனசில்லாமல் இல்லை, ஆத்தா. இருபது வருஷமாக நீ அதைத் தொட்டதில்லை. எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதுகூட இல்லை. உனக்கு அது நினைவில் இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், ஒரு மேஜை வாங்கலாம் என்று காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். திருமயம் பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய வீட்டைப் பங்கு பிரித்ததில் வந்த தட்டுமுட்டுகள் வாசல் வரை கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இது. கடைக்காரர் இதில் ஆணி போட்டு வைத்திருந்தார். சாம்பல் வெள்ளைப் பூச்சு, வெளியே இரண்டு சிவப்பு இலைகள். ஆணிகளைக் கொட்டிப் பார்த்தேன். உள்ளே, அடிக்குச் சற்று மேலே, மூன்றாவதாக ஒரு இலை விழுந்து கிடந்தது. நிறைந்திருந்தால் தெரியாது, குடித்து முடிக்கும்போதுதான் தெரியும். "அது டீ குடிக்கிற கப்பு சார், ஜப்பான்காரன் காது வைக்க மறந்துட்டான்" என்றார் கடைக்காரர். மேஜை வாங்காமல் பஸ் ஏறினேன். தாவரவியல் வாத்தியார் நான். கரும்பலகையில் எத்தனை ஆயிரம் இலை வரைந்திருப்பேன். நடு நரம்பு, பக்க நரம்பு, விளிம்பு எல்லாம் சரியாக இருக்கும். ஒன்றுகூட இலையாக இருந்ததில்லை. யாரோ ஒருவர் தூரிகையால் ஐந்து இழுப்பு இழுத்திருந்தார். அது இலை.

அங்கே ஆரம்பித்தது. பிறகு பத்து கிண்ணங்கள். ஜப்பானில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் லீவில் வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்தான். சிலவற்றை இன்டர்நெட்டில் பிடித்தேன். வாங்க வாங்க, படிக்கப் படிக்க, ஒன்று புரிந்தது. அந்த நாட்டில் தேநீர்க் கிண்ணத்துக்கு மாதம் உண்டு. குளிர்காலத்துக் கிண்ணம் ஒடுங்கி உயரமாக இருக்கும், சூடு தங்க. கோடையில் வாய் அகன்று தட்டையாக, சூடு சட்டென்று போக. மேலே வரைந்திருக்கிற பூவும் புல்லும் அந்தந்தப் பருவத்துக்கு. பனிக்கு நடுவில் ஒரு கிளை, அதில் ஐந்து பூ என்றால் குளிர் முடியப்போகிறது. நாணல் புல்லும் பாதி நிலாவும் என்றால் மழைக்குப் பிந்திய மாதங்கள். அதிலும் ஒரு நாசூக்கு. பூ மரத்தில் பூப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். மரம் முழுக்கப் பூத்துவிட்டால் படத்தில் உள்ள பூவுக்கு என்ன வேலை. உதிர்ந்த பிறகு எடுப்பது தப்பு.

இந்த விதிப்படி பார்த்தால் இந்தக் கடிதம் இருபது வருஷம் பிந்தியது.

நம் கந்தர்வக்கோட்டையில் என்ன பருவம் இருக்கிறது, சொல். வெயில், அதைவிட வெயில், ஆடிக் காற்று, ஐப்பசியில் மழை வந்தால் வந்தது. தையில் முந்திரி பூக்கும், அந்த வாசனையில் பத்து நாள் தலை கிறுகிறுக்கும். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பீரோவின் மேல்தட்டில் வேறொரு நாட்டின் மாதங்களை நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே கிணறு வற்றிக்கிடக்கும், உள்ளே நான் மின்மினிக் கிண்ணத்தை முன்னால் நகர்த்தி வைப்பேன். பார்ப்பேன். துடைப்பேன். பூட்டுவேன். ஒன்று வந்து சேர்ந்ததும் அடுத்தது எது என்று மனசு ஓடும். "பட்டுச் சேலை வைக்கிற எடத்துல பீங்கான வச்சிட்டு, பட்டுச் சேலய டிரங்குப் பொட்டியில வச்சிருக்கேன், கேக்குறவங்க என்ன நெனப்பாங்க" என்பாள் அம்மா. பதினொரு கிண்ணம். அவற்றில் ஒருவருக்கும் நான் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. நானும் குடித்ததில்லை.

ஒரே ஒருமுறை ஒருவர் உபயோகித்தார். நீ.

உனக்கு ஏழு வயது. பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம் இருக்கும். நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. நீ வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய், மடியில் அந்தக் கிண்ணம். தண்ணீர் ஊற்றியிருந்தாய். அதில் ஒரு சிவப்பு பாதாம் இலை மிதந்தது. நம் மரம் அந்த மாதத்தில்தான் சிவக்கும், உதிர்க்கும். அன்றைக்கு அப்போதுதான் முதல் ஒன்றிரண்டு இலைகள் விழ ஆரம்பித்திருந்தன. நீ என்னைப் பார்த்து எழுந்துகூட வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். "அப்பா, இது நம்ம மரத்து எலப்பா" என்று கிண்ணத்து இலையைக் காட்டினாய். "இல்ல, அது மேப்பிள்" என்றேன். நீ விடவில்லை. விரலை அதன் பிளவுகளில் வைத்துக் காட்டினாய். "நம்ம மரத்து எலதான்ப்பா. ஆடு கடிச்சிருக்கு."

அடித்தேன். கன்னத்தில். கிண்ணத்தை முதலில் உன் மடியிலிருந்து எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் அடித்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கோபத்தில் அடித்தவன் வரிசை பார்க்க மாட்டான்.

நீ அழவில்லை. கொட்டிய தண்ணீரைப் பாவாடையால் துடைத்தாய். அம்மா ஓடிவந்தாள். "ஒரு கெண்ணத்துக்காகவா புள்ளய அடிச்சீங்க?" என்றாள். நான் அவளுக்கு அந்தக் கிண்ணத்தின் அருமையை விளக்கினேன். விளக்கினேன், ஆத்தா. நின்றுகொண்டு, உன் கன்னம் சிவந்திருக்கும்போது, பூச்சு பற்றியும் சூளை பற்றியும்.

எத்தனையோ வருஷம் கழித்துத்தான், ஒரு மத்தியானம், பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்ற அந்த விதியை மறுபடி படித்தபோது எனக்கு உறைத்தது. வாசலில் இலை சிவக்கிற மாதத்தில் சிவப்பு இலைக் கிண்ணத்தை எடுத்தது இந்த வீட்டில் நீ ஒருத்திதான். யாரும் சொல்லித்தராமல். அதுவரை நான் அதைக் கார்த்திகையில் முன்னால் வைத்துத் தையில் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன், எங்கேயோ ஒரு மலையில் எப்போதோ சிவக்கிற ஒரு மரத்துக்காக. உனக்கு அப்போது பதினெட்டு வயது. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். போன் செய்தேன். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதனால்தான் நீ அந்தக் கிண்ணத்தைக் கேட்டபோது, வெறுமனே கொடுத்தால் போதாது என்று பட்டது. அது என்னுடையது இல்லை என்று ஆக வேண்டும். உன்னுடையது என்று ஆக வேண்டும். அதற்கு நம் ஊரில் ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பெயர் வெட்டுவது. பெயர் வெட்டாத பாத்திரம் யாருடையதும் இல்லை. விசேஷத்துக்குப் போனால் திரும்பி வராது. உன் அம்மாவின் அண்டாவில் அவள் பெயர் இருக்கிறது, முப்பது வருஷமாக எத்தனை வீட்டுச் சமையலுக்குப் போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வாசல் தேடி வந்துவிடும். எனவே போன வாரம் சீர் சாமான்களோடு அந்தக் கிண்ணத்தையும் துண்டில் சுற்றி மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

கீழ ராஜ வீதியில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர். என் வயசுதான் இருக்கும். குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, கையில் அந்தச் சின்ன மிஷின். உன் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். குடம் முடிந்தது, அண்டா முடிந்தது, தாம்பாளம் முடிந்தது. பிறகு பையிலிருந்து இதை எடுத்தேன்.

"என்ன சார் இது?"

"கிண்ணம். அடியில பேரு போடணும்."

திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். "பீங்கானு சார். எவர்சில்வர்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன். இது எங்கிட்டுப் பாயும்னு சொல்ல முடியாது."

"மெதுவாப் போடுங்க."

"மெதுவாப் போட்டாலும் பீங்கானு பீங்கானுதான் சார்." இலையைப் பார்த்தார். "இது கனடாக் கொடியில இருக்குற எலைதான? பொண்ணு அங்கிட்டா போவுது?"

"ஆமா."

"அப்ப அங்கிட்டே ஒண்ணு வாங்கிக்கிறலாமே. எதுக்கு சார் இதப் போட்டு வம்பு பண்ணிக்கிட்டு?"

நான் கேட்கவில்லை. வற்புறுத்தினேன். "எம் பொறுப்பு" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிண்ணத்தைத் துண்டோடு தொடைகளுக்கு நடுவில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். மிஷினை வைத்தார். எவர்சில்வரில் கேட்கிற சத்தம் இல்லை அது, பல் டாக்டர் அறையில் கேட்கிற சத்தம். ஒரு எழுத்து வந்தது. பக்கத்தில் புள்ளி வைத்தார். அப்போது டிக் என்று ஒரு ஒலி. விரல் சொடுக்கெடுத்ததுபோல. கையை எடுத்துவிட்டார்.

"இதோட நிப்பாட்டிக்குவோம் சார்."

அந்த எழுத்து எது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நீ போனில் அவ்வளவு தெளிவாகச் சொன்னாய்: "பேரு மட்டும் போடுங்கப்பா. இனிஷியலே வேணாம். அப்புறம் ஒங்க எழுத்தா அவரு எழுத்தான்னு அதுக்கொரு பஞ்சாயத்து நடக்கும்." நானும் சரி சரி என்று சிரித்தேன். சிரித்துவிட்டுச் சீட்டு எழுதும்போது என் கை அதன் பழக்கத்தில் எழுதியது. முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கை. இனிஷியல் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரை அது எழுதியதே கிடையாது. குடத்திலும் அண்டாவிலும் அப்படியேதான் வந்திருக்கிறது, நீ பார்த்துக் கோபப்படுவாய். கிண்ணத்தில் உன் பெயர் வரவில்லை. என் இனிஷியல் மட்டும் வந்தது. "சு", ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் அந்த ஜப்பான் குயவர் வைத்த முத்திரை. புள்ளியிலிருந்து ஒரு தலைமுடிக் கோடு அடியைத் தாண்டி, பக்கச் சுவரில் ஏறி, உள்ளே விழுந்து கிடக்கும் இலையின் காம்பு வரை.

உன்னுடையது ஆக்கப் போனேன். என்னுடையது என்று முத்திரை குத்திக்கொண்டு வந்தேன்.

வந்ததும் ஒளித்தேன். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றி, காலண்டர் தாளுக்கு மேல் வைத்து, பீரோவுக்குள்ளேயே பூட்டினேன். என் புத்தி அப்படி. மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். "என்னங்க, பீரோ ஒழுகுது." கீழ்த்தட்டில் உன் முகூர்த்தப் பட்டு இருந்தது. நல்லவேளை, அட்டைப்பெட்டியோடு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். அவள் அதைத் தொடுவதும் அதுதான் முதல் தடவை என்று அப்போது தோன்றியது.

"கஞ்சியில போடணும்" என்றாள்.

"என்னது?"

"புதுச் சட்டி வாங்குனா நான் என்ன பண்றேன்? கஞ்சி ஊத்திக் காய வச்சுத்தான பழக்குறேன். சன்னமா ஓடியிருக்கு, கஞ்சி அடச்சுக்கிரும்."

"இது ஜப்பான் சாமான்டி."

"ஏன், ஜப்பான்ல மண்ணு இல்லியா?"

வடிகஞ்சியில் கிண்ணத்தை முழுக்கி, சின்ன தீயில் ஒரு மணி நேரம். அப்படியே ஆறவிட்டு, மறுநாள் முழுக்க நிழலில் காயவைத்தாள். அங்கேயும் கசிகிற கிண்ணங்களைச் சாதக் கஞ்சியில் போட்டுத்தான் எடுப்பார்களாம், பிறகு தேடிப் படித்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கல்யாணம் முடிகிற வரை அதையே சொல்லிக் காட்டுவாள். உடைந்ததைத் தங்கப்பொடி வைத்து ஒட்டுவதும் அங்கே உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும், எல்லாரும் படம் போடுகிறார்கள். அது எனக்கு வேண்டாம். என் தவறுக்கு நான் தங்கம் பூச விரும்பவில்லை.

இப்போது தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் காலண்டர் தாளில் வைக்கிறேன். இந்தமுறை அடுப்படி மேடையில், எல்லார் கண்ணிலும் படும்படி. முதல் நாள் ஒரு ரூபாய் அளவுக்கு ஈர வட்டம். இரண்டாம் நாள் மிளகு அளவு. நேற்று ஒன்றுமில்லை. இன்று மறுபடி மிளகு அளவு. வருகிறேன், பார்க்கிறேன், போகிறேன், பத்து நிமிஷத்தில் மறுபடி வருகிறேன். "அதயே மொறச்சுப் பாத்துக்கிட்டு நின்னா அது பயந்துக்கிட்டு ஒழுகத்தான் செய்யும், அங்கிட்டுப் போங்க" என்கிறாள் அம்மா.

உனக்கு என்ன அறிவுரை சொல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாக்கள் எழுதுவது போல நானும் எழுதப் பார்த்தேன், கிழித்த தாள்களில் இருந்தது அதுதான். ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது காட்டி எதையாவது சொன்னால், சரியான பெயரை உடனே சொல்லிவிடாதே. கொஞ்சம் பொறு. அது எந்த ஆட்டைப் பார்த்தது என்று கேள்.

மற்ற பத்தும் பீரோவில் இருக்கின்றன. மின்மினி, நாணல், பனிக்கிளை, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஒன்றிலும் கீறல் இல்லை. ஆனால் அவற்றில் எதையும் நீ கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சிவப்பு இலைக் கிண்ணம் இனி வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி. அதில் என் எழுத்து இருக்கிறது, உன்னுடையது இல்லை, அது கசியலாம், விமானத்தில் இரண்டாகவும் பிளக்கலாம். வேண்டாம் என்று சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நான் காரணம் கேட்க மாட்டேன். பூச்சு பற்றியும் சூளை பற்றியும் விளக்க மாட்டேன்.

நீ போகிற ஊரில் அசல் மேப்பிள் மரம் தெருவெல்லாம் நிற்குமாம். பார்த்துவிட்டு எழுது, யார் சொன்னது சரியென்று. இங்கே நம் மரத்தில் தெற்குக் கிளை மட்டும் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. முகூர்த்தத்துக்குள் முழுக்கச் சிவந்துவிடும். ஆக, இந்த வாரம்தான் சரியான வாரம். மரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

வெள்ளிக்கிழமை வா. வந்ததும் பீரோவைத் திறக்காதே, அங்கே இல்லை. அடுப்படியில் தம்ளர்களோடு கவிழ்த்து வைத்திருக்கும். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் மேலே வந்துவிடுகிறது, முதலில் என் எழுத்துத்தான் உன் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு நிற்காதே, ஆத்தா. நிமிர்த்து. உனக்கு வேண்டியதை ஊற்றிக்கொள். உள்ளே இருக்கிற இலை தெரிகிற வரைக்கும் குடி.